நாற்பத்தேழாம் எண் விடைத்தாள்

அக்டோபர் 7, திங்கள்

கணக்கு ரஃப் நோட்டின் கடைசிப் பக்கத்திலிருந்து பின்னோக்கி எழுத ஆரம்பிக்கிறேன். வார்டன் மரகதம் மிஸ் வாரம் ஒருமுறை எங்கள் ஹாஸ்டல் அறைக்கு வந்து பெட்டி, தலையணை உறை, டைரி எல்லாவற்றையும் உதறிப் பார்ப்பார். கணக்கு நோட்டை மட்டும் தொடமாட்டார். அவருக்கும் கணக்கு ஆகாது போலிருக்கிறது. பென்சிலில்தான் எழுதுகிறேன். வம்பு வந்தால் அழித்துவிடலாம்.

இன்றைக்கு என் உயிர் போய் உயிர் வந்தது.

எங்கள் பள்ளிக்கூடத்தில் பிளஸ் டூ பையன்கள் ஒரு கட்டடம், நாங்கள் ஒரு கட்டடம், நடுவில் சுவர். பார்க்கக்கூடாது, பேசக்கூடாது, ஒரே நேரத்தில் சாப்பிடக்கூடாது. ஆனால் தினமும் நடக்கும் டெஸ்டில் பையன்களின் விடைத்தாள்களைத் திருத்துவது நாங்கள்தான். அவர்களே திருத்தினால் ஆளாளுக்கு மார்க்கை அள்ளிவிடுகிறார்களாம். எங்கள் தாள்களை மட்டும் மிஸ்தான் திருத்துவார். பெண் பிள்ளைகளின் கையெழுத்து பையன்கள் கைக்குப் போகக்கூடாது என்று பிரின்ஸிபல் மேடத்தின் உத்தரவு. தாளில் பெயர் இருக்காது, எண்தான். 36 முதல் 70 வரை வரிசையாக வரும், 1 முதல் 35 வரை நாங்கள் வரிசையாக உட்கார்ந்திருப்போம். அதனால் 12-ஆம் எண்ணான எனக்கு எப்போதும் 47-தான் வரும். திருத்தி முடித்து அடியில் 12 என்று எழுதவேண்டும்.

இன்று வேதியியல் தாளின் கடைசியில், படம் வரைகிற பென்சிலில், சின்னதாக: "12, உங்க டிக் ஒவ்வொண்ணும் பல்லி வால் மாதிரியே இருக்கு."

திருத்தும்போது மேசைமேல் சிவப்புப் பேனாவைத் தவிர வேறெதுவும் இருக்கக்கூடாது. என் பாவாடைப் பையில் தற்செயலாக ஒரு ரப்பர் துண்டு இருந்தது. இருமுவதுபோல் குனிந்து தேய் தேய் என்று தேய்த்துவிட்டேன்.

மிஸ்ஸிடம் காட்டியிருக்கலாம். காட்டினால் "உனக்கு எதுக்குடி எழுதறான்?" என்பார்கள். என் அக்கா சுகன்யாவையும் அப்படித்தான் கேட்டார்கள். அவள் பிளஸ் டூ படிக்கும்போது ஒரு பையன் எழுதிய லெட்டர் வீட்டு அட்லாஸுக்குள் இருந்தது. அது அப்பா கைக்குப் போயிற்று. இருபத்திரண்டே நாளில் கல்யாணம். ஹால் டிக்கெட் வந்தபோது அக்கா பள்ளிபாளையத்தில் மாமியார் வீட்டில் சோறு வடித்துக்கொண்டிருந்தாள்.

(இங்கே இரண்டு வரி அழித்துவிட்டேன்.)

அக்டோபர் 9, புதன்

இன்று அவன் ஒன்றும் எழுதவில்லை. நிம்மதி. தாளைத் திருப்பித் திருப்பி மூன்று தடவை பார்த்தேன். இருந்தால் அழிக்க வேண்டாமா, அதற்காகத்தான்.

அக்டோபர் 15, செவ்வாய்

உப்புமா. மூன்றாவது நாளாக உப்புமா. ரிஃபானா அதைத் தட்டோடு கவிழ்த்துக் காட்டினாள், விழவே இல்லை. இந்த ஹாஸ்டலில் சிரிப்பு வருவதே இவளால்தான். பக்கத்துக் கட்டில், 13-ஆம் எண்.

47 இன்று இரண்டு பக்கத்துக்குத்தான் விடை எழுதியிருந்தான். மூன்றாவது பக்கத்தில் பென்சிலில்: "எங்க வீடு குமாரபாளையம். தறிப்பட்டறை. எட்டுத் தறி ஒண்ணா ஓடும்போது எதுல நூல் அறுந்துச்சுன்னு சத்தத்தை வெச்சே சொல்லிருவேன். இந்த கெமிஸ்ட்ரி எனக்கு எங்க அறுந்துச்சுன்னுதான் தெரியல. நான் எழுதறது உங்களுக்குக் கோவமா? கோவம்னா அஞ்சாவது கேள்விக்கு ஒரு டிக். இல்லைன்னா ரெண்டு."

என்ன திமிர்! அவனுக்கென்ன, பென்சிலில் எழுதுவான், அழிந்துவிடும். என் கையில் இருப்பது சிவப்புப் பேனா. ஒரு எழுத்து எழுதினாலும் ஜென்மத்துக்கும் நிற்கும்.

எல்லாவற்றையும் அழித்தேன். ஐந்தாவது கேள்விக்கு டிக் போடும்போது கை தவறி இரண்டு விழுந்துவிட்டது.

"ஏம்புள்ள, நீ பேப்பர் திருத்தறயா, தேர் இழுக்கறயா? எல்லாரும் குடுத்துட்டு எந்திரிச்சாச்சு" என்றாள் ரிஃபானா.

அக்டோபர் 21, திங்கள்

தினமும் ஏதாவது எழுதுகிறான். அவர்கள் வகுப்பு மின்விசிறிக்கு மூன்று இறக்கைகளில் ஒன்று கோணல். பிசிக்ஸ் சார் தும்மினால் ஐந்து தடவை தும்முவார், அதற்குள் ஒரு டெரிவேஷனைப் பார்த்து எழுதிவிடலாம். இன்றைய கேள்வி: "உங்களுக்கு அண்ணன் தம்பி உண்டா?" ஒரு டிக் போட்டேன். ஒன்று என்றால் இல்லை.

இதில் எதுவும் இல்லை. முகம் தெரியாது, பெயர் தெரியாது. பதில் சொல்லாமல் விட்டால் அவன் பேனாவில் எழுத ஆரம்பித்துவிடுவானோ என்ற பயத்தில்தான் டிக் போடுகிறேன்.

ரப்பர் துண்டு தேய்ந்து போச்சு. ரிஃபானாவுடையதைப் பாதியாக வெட்டி எடுத்தேன். சடை ரிப்பனுக்குள் மடித்து வைத்தால் யாருக்கும் தெரியாது.

நவம்பர் 1, வெள்ளி (வீடு, தீபாவளிக்கு மறுநாள்)

அக்கா வந்திருந்தாள். மாமா ஸ்பின்னிங் மில்லில் ஷிஃப்ட், அதனால் தனியாகத்தான் வந்தாள். அடுப்படியில் முறுக்குச் சட்டியைப் பார்த்துக்கொண்டே, "கெமிஸ்ட்ரி புக்கு கொண்டாந்திருக்கியா? குடு, பாக்கலாம்" என்றாள். கொடுத்தேன். ஒரு கையில் ஜல்லிக்கரண்டி, ஒரு கையில் புத்தகம். ஒரு ஈடு கருகியே போய்விட்டது. அம்மா திட்டினாள். அக்கா "அட போம்மா" என்று சிரித்தாள். நான் கொல்லைக்குப் போய்த் துணி துவைத்தேன். துவைக்க வேண்டிய துணி எதுவும் இல்லை.

அப்பா சத்தீஸ்கரிலிருந்து அக்கா ஃபோனில் கூப்பிட்டார். போர்வெல் லாரி ஓட்டுகிறார். ஒருதரம் போனால் ஆறு மாதம் வரமாட்டார். சின்ன வயதில் அவர் சொல்கிற ஊர்களையெல்லாம் அட்லாஸில் தேடி வட்டம் போட்டு வைப்பேன். எங்கள் வீட்டில் வேறு யாரும் அதைத் தொட்டதில்லை. அதனால்தான்... போகட்டும்.

"நல்ல பேர் வாங்கோணும் சாமி. உன்னை நம்பித்தான் ஹாஸ்டல்ல விட்டிருக்கறேன். உங்க அக்கா மாதிரி பண்ணீராதே" என்றார்.

அக்கா பக்கத்தில்தான் இருந்தாள். ஃபோன் ஸ்பீக்கரில் இருந்தது.

நவம்பர் 5, செவ்வாய்

47-க்கு 14 மார்க், ஐம்பதுக்கு. பதினெட்டு வந்தால்தான் பாஸ். போன மாதமும் ஒருமுறை 16. ஒரே பாடத்தில் மூன்று தடவை பதினெட்டுக்குக் கீழே போனால் பெற்றோரைக் கூப்பிட்டு டி.சி.யைக் கையில் கொடுத்துவிடுவார்கள். தனியாகப் பரீட்சை எழுதிக்கொள்ளட்டும், பள்ளிக்கூடத்தின் நூறு சதவீதம் கெடக்கூடாது. போன வருஷம் நாலு பேர் அப்படிப் போனார்கள்.

அவன் போனால் எனக்கென்ன? 47 இடத்தில் 48 வரும்.

நவம்பர் 12, செவ்வாய்

பிள்ளையாரே, என்ன காரியம் செய்துவிட்டேன்.

இன்றைய வேதியியல் தாளில் அவன் விடைகள் எல்லாம் பாதியில் நின்றிருந்தன. கூட்டிப் பார்த்தேன், பதினொன்று. கடைசியில் பென்சிலில்: "இதுதான் என் கடைசி பேப்பரா இருக்கும். பதினெட்டு வராதுன்னு எனக்கே தெரியும். அப்பாகிட்ட எப்படிச் சொல்றதுன்னு தெரியல. உங்க பேர்கூடத் தெரியாம போறேன். நான் போனா உங்களுக்கு வருத்தமா இருக்குமா? ஆமான்னா ரெண்டு டிக்."

ஐந்தாவது கேள்வி தப்பு. அதற்கு இரண்டு டிக் போட்டேன். போட்டபின் மார்க் போடாமல் எப்படி விடுவது, முழு மார்க் போட்டேன். அப்புறம் ஏழுக்கு, ஒன்பதுக்கு. கை தன்பாட்டுக்குப் போனது. மொத்தம் 23 என்று எழுதி வட்டமிட்டு அடியில் 12 போட்டேன். தாள் கைமாறிப் போன பிறகுதான் செய்தது உறைத்தது.

சனிக்கிழமைதோறும் ரீ-செக் உண்டு. மரகதம் மிஸ் அந்த வாரத்துக் கட்டுகளிலிருந்து கண்ணை மூடிக்கொண்டு பத்துத் தாள்களை உருவுவார். வாரத்துக்கு இருநூற்றுச் சொச்சம் தாளில் பத்து. அது வராது. வராது. வரவே வராது.

நவம்பர் 14, வியாழன்

தாள்களைப் பையன்களிடம் காட்டிவிட்டுத் திரும்ப வாங்கியிருக்கிறார்கள், அவன் 23-ஐப் பார்த்திருக்கிறான். இன்றைய தாளில் விடை எழுதும் முன்பே, முதல் பக்கத்தில், அழுத்தி அழுத்தி:

"எனக்கு 23 வேண்டாம். நான் எழுதினது பதினொண்ணுக்குத்தான். எனக்காக நீ மாட்டிக்கிட்டா நான் எந்த மூஞ்சியோட இருப்பேன்? இனிமே போடாதே. நானே பாஸ் பண்ணுவேன். பண்ணினதும் உன் பேரைக் கேப்பேன்."

நீங்க என்பது நீ ஆகிவிட்டது.

அழிக்க மனசே வரவில்லை. ஆனால் அழித்தேன். இன்றைக்கு அவனுக்கு நிஜமாகவே 19. இரண்டு முறை கூட்டினேன், பத்தொன்பதேதான்.

செவ்வாய்க்கிழமை தாளை ஸ்டோர் ரூமிலிருந்து எப்படி எடுப்பது? சாவி மிஸ் இடுப்பில் இருக்கிறது. ரிஃபானாவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அவள் சிரிக்கவில்லை. அதுதான் இன்னும் பயமாக இருக்கிறது.

நவம்பர் 16, சனி

உருவிய ஆறாவது தாள்.

மரகதம் மிஸ் முதலில் மார்க்கைக் கூட்டினார். பிறகு விடைகளைப் படித்தார். "பன்னெண்டு, எந்திரி" என்றார். எழுந்தேன். "ஏழாவது கேள்வியில அவன் பாதிகூட எழுதல. அஞ்சு மார்க் எதுக்கு?" பக்கத்தைத் திருப்பினார். "அஞ்சாவது கேள்விக்கு எதுக்கு ரெண்டு டிக்?"

பிறகு அவர் தாளை ஜன்னலுக்கு நேராகத் தூக்கிப் பிடித்தார். கடைசிப் பக்கத்தை விரலால் தடவினார். மேசையிலிருந்து ஒரு பென்சிலை எடுத்துச் சாய்த்துப் பிடித்து லேசாகத் தீட்டினார். கருப்பாகிற இடத்தில் எழுத்துகள் வெள்ளையாக எழுந்து வந்தன. ஒவ்வொன்றாக. 'கடைசி பேப்பரா இருக்கும்.' 'உங்க பேர்கூடத் தெரியாம.'

மை அழியாது, பென்சில் அழியும் என்று நினைத்திருந்தேனே! கை அழுந்தின பள்ளம் எங்கே போகும்?

"அவன் எழுதினது ஒரு தப்பு. நீ அழிச்சே பாரு, அதுதான் பெரிய தப்பு. மறைக்கத் தெரிஞ்சவளுக்கு எல்லாம் தெரியும்" என்றார். முப்பத்து மூன்று பேர் என்னைப் பார்த்தார்கள். ரிஃபானா மட்டும் தரையைப் பார்த்தாள்.

வீட்டுக்குச் சொல்கிறார்கள்.

நவம்பர் 17, ஞாயிறு

அப்பா நம்பர் கிடைக்கவில்லையாம். காட்டுக்குள் எங்கேயோ துளை போட்டுக்கொண்டிருப்பார். கிடைத்துவிட்டால்? லாரியை அப்படியே நிறுத்திவிட்டு ரயில் ஏறுவார். அவர் அடிக்கமாட்டார். அக்காவையும் அடிக்கவில்லை. மூன்று நாள் சாப்பிடாமல் கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார், நாலாம் நாள் எழுந்து போய் ஜாதகத்தை எடுத்தார்.

பரீட்சைக்கு இன்னும் மூன்றரை மாதம் இருக்கிறது. இருபத்திரண்டு நாள் போதும் என்பதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

அம்மாவிடம் ஃபோன் இல்லை. சேர்க்கைப் படிவத்தில் இரண்டாவது எண்ணாக நான் எழுதியிருந்தது அக்காவின் எண். அதில் கிடைத்துவிட்டதாம். மற்றவர்கள் யாராக இருந்தாலும் காலில் விழுந்திருப்பேன். அக்கா முகத்தில் எப்படி விழிப்பேன்?

ரிஃபானா தேங்காய் பன் வாங்கிவந்து பிட்டுப் பிட்டு வாயில் வைத்தாள். "ஒண்ணும் ஆகாது புள்ள, முழுங்கு" என்றாள்.

மத்தியானம் இந்த நோட்டை எடுத்து, அக்டோபர் ஏழாம் தேதிப் பக்கத்தில் அழித்த இடத்தின்மேல் பென்சிலைச் சாய்த்துத் தீட்டிப் பார்த்தேன். பளிச்சென்று வந்தது. 'அட்லாஸில் இருந்த லெட்டரைப் படித்தது நான். அப்பா கையில் கொடுத்ததும்'

அதற்குமேல் தீட்டவில்லை. என்ன எழுதினேன் என்று எனக்குத் தெரியும்.

நவம்பர் 18, திங்கள்

நாளைக்குக் காலை பத்து மணிக்கு அக்கா வருகிறாள். கிளாஸில் என்னைக் கடைசி பெஞ்சில் தனியாக உட்காரவைத்தார்கள். காய்ச்சல் வந்தால் தேவலை என்று நினைத்தேன். காய்ச்சல்கூட வரவில்லை.

நவம்பர் 19, செவ்வாய்

நடந்தது நடந்தபடி எழுதுகிறேன்.

பிரின்ஸிபல் அறையில் மேடம், பக்கத்தில் மரகதம் மிஸ். சுவரோரம் ஒரு பெரியவர், சட்டையெல்லாம் தறிப் பஞ்சு ஒட்டியிருந்தது. அவருக்குப் பக்கத்தில் நின்றவனை நான் பார்க்கவில்லை, ஷூவை மட்டும் பார்த்தேன். ஒரு ஷூவுக்குக் கருப்பு நாடா, இன்னொன்றுக்கு வெள்ளை நூலைத் திரித்துக் கட்டியிருந்தான். அந்தப் பயத்திலும், தறிக்காரர் வீட்டுப் பையன் என்று தோன்றியது.

அக்கா வந்தாள். தீபாவளிப் புடவை. பஸ்ஸில் கசங்கியிருந்தது. என்னைப் பார்த்தாள், என் பக்கத்தில் வந்து நின்றுகொண்டாள்.

"லோகேஸ்வரன், இங்க வா" என்றார் மேடம். அதுதான் அவன் பெயர். "கோபிகா, நீயும் வா." அவன் தலை சட்டென்று நிமிர்ந்தது. என் பெயரை அவன் கேட்டது அப்போதுதான். நானும் பார்த்துவிட்டேன். ஒல்லி. மீசை இன்னும் சரியாக வரவில்லை. கண் அழுது வீங்கியிருந்தது. நான் நினைத்த முகம் இது இல்லை, ஆனால் இனிமேல் வேறு முகத்தை நினைக்க முடியாது.

மேடம் தீட்டிய தாளை எல்லோர் முன்னாலும் படித்தார். அந்தப் பெரியவர் எழுந்து பளீரென்று மகன் கன்னத்தில் அறைந்தார். "இதுக்காடா ராத்திரியும் பகலும் தறியில நிக்கறேன்?" என்றார். அவருக்குத்தான் குரல் உடைந்தது.

"நான்தான் மேடம் மொதல்ல எழுதுனேன். அவங்க ஒரு வார்த்தைகூட எழுதுனதில்லைங்க. அவங்களை விட்ருங்க" என்றான் லோகேஸ்வரன். குரல் பாதி கட்டையாக, பாதி கீச்சென்று வந்தது.

"மார்க்கு? அந்தப் புள்ளைய மயக்கி மார்க் போட வெச்சது நீதானே?" என்றார் மேடம்.

அவன் அறை விழுந்த கன்னத்தைத் தடவிக்கொண்டான்.

"சொல்லுடா! நீதானே கேட்டே?"

அவன் தரையைப் பார்த்துக்கொண்டே நின்றான். ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை.

"சரி. இவன் மெரட்டிக் கேட்டிருக்கான், பொண்ணு பயந்து போட்டிருக்கு. பையனுக்கு டி.சி. எழுதுங்க மிஸ். பொண்ணுக்கு வார்னிங். என்னம்மா கோபிகா, அப்படித்தானே?"

ஒரு தலையசைப்பு போதும். தலையை ஆட்டினால் என் படிப்பு தப்பிக்கும், அப்பாவுக்குக்கூடத் தெரியாமல் போகலாம். ஐந்து வருஷத்துக்கு முன்னால் அப்பா அந்த லெட்டரை விரித்து வைத்துக்கொண்டு "இது ஆருக்கு வந்ததுன்னு உனக்குத் தெரியுமா கண்ணு?" என்று கேட்டபோதும் இதே மாதிரிதான் இருந்தது. ஒரு தலையசைப்பு. அக்கா கதவருகே நின்றிருந்தாள். நான் அவளைப் பார்த்துத் தலையசைத்தேன். கடைக்கு நானும் வருகிறேன் என்று சொல்லியும் அவள் என்னை விட்டுவிட்டுப் போன கோபம் எனக்கு, அவ்வளவுதான் காரணம்.

"இல்லீங்க மேடம்" என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. மறுபடியும் சொன்னேன். "அவர் கேக்கவே இல்லீங்க. நானாத்தான் போட்டேன்."

மரகதம் மிஸ், "ஏய், யோசிச்சுப் பேசு" என்றார்.

"பதினாலாந்தேதி பேப்பரை எடுத்து, முதல் பக்கத்துல தீட்டிப் பாருங்க மிஸ். அதுல இருக்குதுங்க."

எடுத்தார்கள். மிஸ் தீட்டினார். மேடம் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு சத்தமாக ஆரம்பித்தார், பாதியில் சத்தம் குறைந்துவிட்டது. "எனக்காக நீ மாட்டிக்கிட்டா நான் எந்த மூஞ்சியோட இருப்பேன்... நானே பாஸ் பண்ணுவேன். பண்ணினதும் உன் பேரைக் கேப்பேன்."

அந்தப் பெரியவர் மகனையே பார்த்தார், பிறகு அறைந்த கையை மடியில் வைத்துக்கொண்டார்.

"அப்ப ரெண்டு பேருக்கும் டி.சி.தான்" என்றார் மேடம். "உண்மையைச் சொல்லிட்டா தப்பு சரியாயிருமா?"

இதுவரை பேசாத அக்கா அப்போதுதான் பேசினாள். "மேடம், கேட்டுல பெரிய பேனர் வெச்சிருக்கறீங்க. சென்டம் எடுக்கப் போற புள்ளைகன்னு. அதுல ரெண்டாவது போட்டோ எங்க கோபிகா. இவளை அனுப்பிட்டா அந்த எடத்துல ஆரு போட்டோவை ஒட்டுவீங்க?"

மேடம் முறைத்தார். "நீ என்ன படிச்சிருக்கே?"

"பன்னெண்டாவதுங்க. பரீட்சை எழுத விடலீங்க. காரணம் இதே காரணந்தான். உங்களை மாதிரி ஒரு மேடம், எழுதிட்டுப் போகட்டும்னு எங்க அப்பாகிட்ட அன்னிக்கு ஒரு வார்த்தை சொல்லியிருந்தாப் போதும். ஆரும் சொல்லலீங்க." கொஞ்சம் நிறுத்தி, "அந்தத் தம்பியும் பத்தொம்பது எடுத்திருக்கறான் பாருங்க" என்றாள்.

மேடம் அந்தப் பத்தொன்பதை மறுபடியும் கூட்டிப் பார்த்துவிட்டுத் தீர்ப்பு சொன்னார். பையனுக்கு வரும் சனிக்கிழமை இந்த அறையிலேயே மறுபடியும் டெஸ்ட், அவரே திருத்துவார். பதினெட்டு வராவிட்டால் அன்றே டி.சி. எனக்கு இனி தாள் திருத்தும் வேலை கிடையாது, பரீட்சை முடியும்வரை வெளியே போக அனுமதி கிடையாது. தை மாதம் அப்பா ஊருக்கு வந்ததும் இங்கே வந்து மேடத்தைப் பார்க்கவேண்டும். அக்கா கையெழுத்துப் போட்டாள். மேசைமேல் இருந்தது சிவப்புப் பேனாதான். சுகன்யா என்று நிறுத்தி, அழகாக எழுதினாள்.

கேட்வரை அவளோடு போக விட்டார்கள். "அக்கா, அந்த லெட்டர்..." என்று ஆரம்பித்தேன்.

"தெரியும்டி" என்றாள். "நம்ம வீட்டுல அந்த அட்லாஸை உன்னைத் தவிர ஆரு தொடுவா? அப்பா போற ஊரெல்லாம் நீதானே வட்டம் போடுவே. அன்னிக்கே தெரியும்."

"அப்புறம் எதுக்கு வந்தே?"

"எனக்கு ஆரும் வரலேல்ல, அதான் வந்தேன்." முந்தானையால் என் மூக்கைத் துடைத்துவிட்டாள். "பன்னெண்டு வயசுப் புள்ளை நீ. உன் மேல எத்தனை நாளைக்குடி கோவமா இருக்கறது? ரெண்டு வருசம் இருந்தேன். அப்புறம் சலிச்சுப்போச்சு." பஸ் வந்துவிட்டது. படியில் ஏறி நின்றுகொண்டு, "பையன் பரவால்லைடி. ஆனா ஷூவுக்கு ஒரு நாடா வாங்கிப் போடச் சொல்லு" என்றாள்.

நவம்பர் 23, சனி

பிரின்ஸிபல் அறைக்கு அட்டெண்டன்ஸ் ரெஜிஸ்டர் கொண்டுபோகிற வேலை ரிஃபானாவுக்கு. சாயங்காலம் திரும்பி ஓடிவந்தாள். மூச்சு வாங்கியது. கேட்கவே பயந்து காதைப் பொத்திக்கொண்டேன். அவள் என் கையைப் பிடித்து இழுத்து, உள்ளங்கையில் விரலால் எழுதினாள். ஒன்று. எட்டு.

பதினெட்டு. அரை மார்க் அதிகமும் இல்லை, குறையவும் இல்லை. மேடம் கையாலேயே போட்ட பதினெட்டு.

கட்டிலில் விழுந்து அழுதேன். ரிஃபானா, "ஃபெயிலானாத்தான் அழுவாங்க, லூசு" என்று என் தலையில் தட்டினாள்.

நவம்பர் 24, ஞாயிறு

அப்பா நம்பரிலிருந்து ஃபோன் வந்ததாக மிஸ் கூப்பிட்டபோது படிக்கட்டில் கால் இடறியது. ரிசீவரை எடுத்தேன். "சாப்டியா சாமி? இங்க சரியான குளுரு. அக்கா கூப்ட்டா, நீ நல்லாப் படிக்கறேன்னு சொன்னா" என்றார். அவருக்குத் தெரியாது. "அப்பா, நீங்க வந்ததும் உங்ககிட்ட ஒண்ணு சொல்லோணும்" என்றேன். "என்ன கண்ணு?" என்றார். "வந்ததும் சொல்றேன்" என்றேன். "சரி" என்றார். அந்தச் சரி என்ன சரி என்று இன்னும் புரியவில்லை.

தைக்கு இன்னும் ஐம்பத்தோரு நாள். எண்ணி வைத்திருக்கிறேன். அவர் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டால் என்ன செய்வேன் என்று தெரியவில்லை. ஆனால் அக்காவைப் பற்றியும் அன்றைக்குச் சொல்லியாக வேண்டும், அவர் முகத்தைப் பார்த்தே சொல்லவேண்டும்.

இந்த வரியிலிருந்து பேனாவில் எழுதுகிறேன். மரகதம் மிஸ் கணக்கு நோட்டைப் பார்த்தாலும் பார்த்துக்கொள்ளட்டும்.

அக்காவின் லெட்டரை எடுத்து அப்பா கையில் கொடுத்தது நான்.

லோகேஸ்வரனை எனக்குப் பிடித்திருக்கிறது.

பயமாகத்தான் இருக்கிறது.